லாரி வள்ளத்தின் கிளீனர் பக்கம்

தூத்துக்குடிப் பக்கம் பைபர் வள்ளம் வார்க்கிற பட்டறையிலிருந்து இரண்டு இளைஞர்கள் போன மாதம் என்னைத் தேடிப் பாளையங்கோட்டைக்கு வந்தார்கள். போனை நீட்டி ஒரு பழைய போட்டோவைக் காட்டினார்கள். ஒடுங்கலான இரண்டு வள்ளம், நடுவே பலகைத் தளம், பின்னால் வள்ளத்துக்கொன்றாக இரண்டு மோட்டார், மேலே காக்கிப் படுதாவில் தைத்த பாய். பாய்க்குப் பக்கத்தில் ஒட்டடைக்கம்பு மாதிரி நிற்பது நான்.

"அண்ணாச்சி, இத நீங்கதான் கட்டுனியளாம். அளவச் சொல்லுங்க, நாங்களும் ஒண்ணு கட்டிப் பாக்கோம்" என்றான் ஒருவன்.

அளவு சொல்வதில் என்ன கஷ்டம்? காலமெல்லாம் லாரிக்கு பாடி கட்டினவன் நான். மனைவி பிறந்தநாள் மறந்துபோகும், போல்ட் அளவு மறக்காது. ஆனால் அந்த வள்ளத்தில் ஒரு பக்கத்து அளவு தப்பு. அது எப்படித் தப்பானது என்பதைச் சொல்லாமல் அளவை மட்டும் கொடுத்து அனுப்ப மனம் வரவில்லை. வாயால் சொன்னால் நடுவில் குரல் சரிப்படாது என்பதும் எனக்குத் தெரியும். எழுதித் தருகிறேன், பிறகு வாருங்கள் என்று அனுப்பிவிட்டேன்.

எங்கள் பட்டறை வண்ணார்பேட்டையில் பைபாஸ் ரோட்டை ஒட்டி இருந்தது. பத்தாம் வகுப்பில் கணக்கில் விழுந்ததும் அப்பா கொண்டுவந்து விட்டார். முதலில் மரத்தூள் கூட்டினேன். பிறகு ரிவிட் பிடித்தேன், பிறகு ரிவிட் அடித்தேன், கல்யாணம் ஆவதற்குள் மேஸ்திரிக்கு அடுத்த ஆளாக ஆகிவிட்டேன். அந்த வருடங்களைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. சொல்ல வேண்டியது மேஸ்திரியைப் பற்றித்தான்.

பெயர் ஞானதாஸ். ஞாயிற்றுக்கிழமை வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு சர்ச்சில் கனத்த குரலில் பாடுவார். மற்ற ஆறு நாளும் அந்தக் குரலை வெளியே எடுக்க மாட்டார். திட்டுவது கிடையாது. வேலையில் பிசகு இருந்தால் ஒரு டீ சொல்லுவார். ஸ்டூலை இழுத்து அந்த இடத்துக்கு முன்னால் போட்டுக்கொண்டு, கண்ணை எடுக்காமல் பார்த்தபடி பைய உறிஞ்சுவார். டீ தீர்வதற்குள் வேலை செய்தவனே பிசகைக் கண்டுபிடித்துப் பிரித்துப் போட்டுவிட வேண்டும். "மேஸ்திரி டீ சொல்லிட்டாரு லே" என்று யாராவது முணுமுணுத்தால் பட்டறை முழுக்கச் சுத்தியல் சத்தம் நின்றுவிடும். எத்தனையோ பேர் என்னைக் கெட்ட வார்த்தையில் திட்டியிருக்கிறார்கள், ஒன்றும் நினைவில்லை. அவருடைய டீ ஒவ்வொன்றும் நினைவிருக்கிறது.

காகிதத்தில் படம் போட மாட்டார். சிமெண்டுத் தரையைக் கழுவிக் காயவிட்டு, சாக்பீஸால் முழு அளவில் வரைவார். பதினாறு அடி பாடி என்றால் தரையிலும் பதினாறு அடி. வேலை முடிகிற வரைக்கும் அந்தக் கோட்டை யாரும் மிதிக்கக் கூடாது. கிட்டங்கிக்குச் சாமான் எடுக்கப் போகிறவன்கூடச் சுவரை ஒட்டிப் பல்லி மாதிரி நகர்ந்துதான் போவான். வலப்பக்கம், இடப்பக்கம் என்ற பேச்சே எங்களிடம் கிடையாது. டிரைவர் பக்கம், கிளீனர் பக்கம், அவ்வளவுதான். ரோடு எப்போதும் இடது ஓரத்துக்குச் சரிந்துதானே கிடக்கும், பாரம் ஏற்றிய லாரியும் அந்தப் பக்கம் சாயும். அதனால் கிளீனர் பக்கத்தை ஒரு விரற்கடை தூக்கிக் கட்டுவது மேஸ்திரியின் வழக்கம்.

கேபின் கட்டும் முன்னால் டிரைவர் நேரில் வந்தாக வேண்டும். முதலாளி வந்து என் அளவே போதும் என்றால் நடக்காது. டிரைவரை ஸ்டூலில் உட்காரவைத்துப் பக்கத்தில் ஒரு பலகையை நிறுத்தி, முழங்கால், முழங்கை, கண், நீட்டிய கை எட்டுகிற இடம் என்று ஒவ்வொன்றுக்கும் கோடு போடுவார். அந்தப் பலகை வண்டி வெளியே போகிறவரை சுவரில் சாய்ந்தே இருக்கும். கிளீனரை அளக்கும் வழக்கம் இல்லை. அவனுக்கு மிச்சம் இருக்கிற பலகையில் ஒரு சீட்டு. அவன் எப்படியாவது ஒண்டிக்கொள்வான்.

இன்னொரு வழக்கமும் உண்டு. பட்டறைக்குப் பல தினுசான ஆட்கள் வருவார்கள். சீட்டுக்கு அடியில் ஒரு பெட்டி வேண்டும், வெளியே தெரியக் கூடாது என்பார் ஒருவர். மேஸ்திரி பெட்டியின் நீள அகலத்தைக் கேட்பார். எதற்கு என்று கேட்க மாட்டார். ஒருநாள் நான் கேட்டுத் தொலைத்துவிட்டேன். அந்த ஆள் போன பிறகு மேஸ்திரி என்னைக் கூப்பிட்டு, "ஏலே நெட்ட, அவரு மடியில என்ன இருக்குன்னு பாக்கதுக்கா நம்மகிட்ட வந்தாரு?" என்றார். அதற்குப் பிறகு நானும் யாரையும் எதையும் கேட்டதில்லை. வாடிக்கையாளர் சொல்லாததைக் கேட்காமல் இருப்பது மரியாதை என்று நம்பினேன்.

அப்படிப்பட்ட பட்டறைக்குத்தான் சவரிமுத்து அண்ணன் வந்தார். தாமிரபரணி கடலில் விழுகிற முகத்துவாரத்துக்குப் பக்கத்தில் ஒரு சின்ன ஊர். ஊர்ப் பெயர் வேண்டாம். திருச்செந்தூர் பஸ்ஸில் வந்து இறங்கி, ஒரு காலை இழுத்து இழுத்து உள்ளே நுழைந்தார். வள்ளத்தின் விளிம்பில் அலை தூக்கி அடித்து இடுப்பெலும்பு உடைந்தவர். சேர்ந்தது கோணலாகச் சேர்ந்துவிட்டது. ஆடுகிற வள்ளத்தில் அவரால் நிற்க முடியாது. மகன்கள் இருவரும் மஸ்கட்டில். ஐஸ் கம்பெனியில் வாட்ச்மேன் வேலைக்குச் சொல்லிவைத்திருந்தார்கள். கடலுக்குப் போனவன் ஸ்டூல் போட்டு கேட்டுக்குக் காவல் உட்காருவதா என்று அவருக்கு ஆறவில்லை. கடலுக்குத் திரும்ப வேண்டும், அதற்கு ஆடாத ஒன்று வேண்டும்.

"ஒருநாளு மிசின் நின்னுபோயி, இன்னொரு வள்ளத்தோட சேத்துக் கட்டி இழுத்துட்டு வந்தானுவ, மேஸ்திரி. ரெண்டும் ஒண்ணாச் சேந்ததும் ஆட்டமே இல்ல. இடுப்பு நோவு மறந்து ஒறங்கிட்டேன். அதே மாதிரி, ஆனா கழட்டாம, ஒரே வள்ளமா வேணும்" என்றார்.

"கடக்கரையில ஆசாரி இல்லையா?" என்றார் மேஸ்திரி.

"கேட்டேன். ரெண்டு தல இருந்தா அது வள்ளம் இல்ல வே, பிசாசுன்னுட்டான்."

மேஸ்திரி சிரித்துவிட்டார். அது அபூர்வம். கூட எத்தனை பேர் என்று கேட்டார்.

"ஒரு ஆளு வரும்" என்றார் சவரிமுத்து அண்ணன். யார் என்று அவர் சொல்லவில்லை. மேஸ்திரியும் கேட்கவில்லை.

அவரோடு மனைவி புஷ்பம் அக்காவும் வந்திருந்தார். என் நெஞ்சு மட்டத்துக்குக்கூட வராத உயரம். கேட்டுக்குப் பக்கத்தில் கிடந்த மரக்கட்டைகள் மேல் தூக்குச்சட்டியை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார். வேலை நடந்த நாட்களில் அண்ணன் வரும்போதெல்லாம் அவரும் வருவார், அதே இடத்தில் உட்காருவார். கால் முடியாத மனிதரைத் துணைக்கு ஆள் இல்லாமல் அனுப்ப முடியுமா என்று நாங்களாக நினைத்துக்கொண்டோம்.

மேஸ்திரி தரையைக் கழுவச் சொன்னார். பதினெட்டு அடியில் இரண்டு ஒடுங்கலான வள்ளம், நடுவே ஒரு மனிதன் படுத்துக் கையை விரிக்கிற அகலத்துக்குத் தளம். அண்ணன் ஒரு கம்பை வைத்துக்கொண்டு, இங்கன வயிறு கொஞ்சம் தள்ளணும், முன்னால அணியம் இன்னும் தூக்கணும் என்று சொல்லச் சொல்ல மேஸ்திரி அழித்து அழித்து வரைந்தார். இடது வள்ளத்தைப் போடும்போது கை பழக்கத்தில் ஒரு விரற்கடை மேலே தூக்கிக் கோடு இழுத்துவிட்டார். நின்று பார்த்தார். "கடலுக்கு ஏது வே ஓரம்" என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டு காலால் அழித்தார். பட்டறையே சிரித்தது. அன்றிலிருந்து அது லாரி வள்ளம். வலது வள்ளம் டிரைவர் பக்கம், இடது வள்ளம் கிளீனர் பக்கம்.

இந்த இளைஞர்களுக்காக வேலையைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். உள்ளே மரச்சட்டம், மேலே பிளைவுட், அதன் மேல் பஸ் பம்பர் வார்க்கிற எங்கள் ஆள் பைபர் துணி ஒட்டி ரெசின் பூசினான். இரண்டையும் சேர்க்கிற குறுக்குச் சட்டங்களை வெல்டு வைத்து இறுக்கிவிடலாம் என்று நான் சொன்னேன். மேஸ்திரி வேண்டாம் என்றார். லாரி பாடியை நாங்கள் அடிச்சட்டமான சேசிஸோடு ஒரேயடியாகப் பிணைப்பதில்லை. நடுவில் பட்டை கொடுத்து யு போல்ட் போடுவோம், வண்டி முறுக்கும்போது பாடி விட்டுக்கொடுக்க வேண்டும். அதையே இங்கேயும் செய்தோம். பழைய டயரைக் கீறி ரப்பர் பட்டை எடுத்து, சட்டத்துக்கும் வள்ளத்துக்கும் நடுவில் வைத்து யு போல்ட்டால் முடுக்கினோம். கடைசி வரைக்கும் அந்த வேலை ஒரு இடத்தில்கூடக் கீறல் விடவில்லை.

பாய் தைத்தவர் மேலப்பாளையத்தில் லாரிப் படுதா தைக்கிற காதர் பாய். மேஸ்திரி போய்க் கேட்டபோது அவர் முதலில் மறுத்தார். "படுதா காத்த வெரட்டணும், பாயி காத்தப் பிடிக்கணும். நான் இத்தன வருசமா வெரட்டிக்கிட்டே இருக்கேன், இப்பம் வந்து பிடிக்கச் சொல்லுதியளே" என்றார். பிறகு அவரே ஆசைப்பட்டு இரண்டு தரம் பிரித்துத் தைத்துக் கொடுத்தார்.

இனி அளவு. அண்ணனை ஸ்டூலில் உட்காரவைத்துப் பலகையில் கோடு போட்டார் மேஸ்திரி. அவர் நிற்க முடியாதவர் என்பதால் வலப்பக்கத்தில் நாற்காலி, கைக்கு எட்டுகிற இடத்தில் சுக்கான், உட்கார்ந்தபடியே இழுக்கிற உயரத்தில் வலது மோட்டார். எல்லாம் அவர் உடம்புக்குத் தைத்த சட்டை மாதிரி அமைந்தது. கூட வருகிற ஆளுக்கு இடப்பக்கம். பாயை ஏற்றி இறக்கும் கயிறும், இடது மோட்டாரைக் கயிறு இழுத்து ஸ்டார்ட் செய்வதும் அவன் வேலை.

கிளீனரை அளப்பதில்லை என்றாலும் இது புது வேலை என்பதால் மேஸ்திரி கேட்டார்.

"கூட வார ஆளு எவ்வளவு ஒசரம்?"

அண்ணன் எங்களை ஒரு சுற்றுப் பார்த்தார். கண் என் மேல் வந்து நின்றது. "இந்தத் தம்பி மாதிரிதான் இருப்பான்" என்றார்.

அப்படித்தான் இடப்பக்கம் முழுவதும் என் உடம்புக்குக் கட்டப்பட்டது. வலை சிக்கக் கூடாது என்று கயிறு மாட்டுகிற கொக்கியை என் தலைக்கு மேலே வைத்தோம். அலைத் தண்ணீர் ஏறக் கூடாது என்று இடது மோட்டாரைத் தூக்கி, நான் நின்று இழுத்தால் கை நெஞ்சுக்கு வருகிற உயரத்தில் பொருத்தினோம். ஒரே இழுப்பில் அது உறுமியபோது எனக்குப் பெருமையாக இருந்தது.

ஒருநாள் சாப்பாட்டு நேரத்தில் எல்லோரும் வெளியே போயிருந்தோம். மறந்த பீடிக்கட்டுக்காகத் திரும்பி வந்தேன். புஷ்பம் அக்கா இடது வள்ளத்தில் ஏறி நின்று, கொக்கியைப் பார்த்தபடி கையை மேலே தூக்கிக்கொண்டிருந்தார். குதிகாலை உயர்த்தியும் எட்டவில்லை. என்னைப் பார்த்ததும் இறங்கிவிட்டார். சிலுவை கட்டத் தோதான இடம் பார்க்கிறாராக்கும் என்று நினைத்து நான் பீடியை எடுத்துக்கொண்டு வந்துவிட்டேன்.

ஆற்றில் தண்ணீர் நிறைய ஓடிய சமயம் வண்ணார்பேட்டைக்குக் கீழே இறக்கி மிதக்கவிட்டோம். குளிக்க வந்தவர்கள் சோப்பும் கையுமாகக் கரையில் நின்றார்கள். மேஸ்திரி லுங்கியை மடித்துக் கட்டிக்கொண்டு இடுப்பளவு தண்ணீரில் நின்று, இரண்டு பக்கமும் நீர்க்கோடு சமமாக நிற்கிறதா என்று பார்த்தார். வலப்பக்கம் அண்ணன், இடப்பக்கம் நான். அசைத்துப் பார்த்தோம், குதித்துப் பார்த்தோம், ஆடவே இல்லை. அண்ணன் நாற்காலியில் உட்கார்ந்து குழந்தை மாதிரி அழுதார். அக்கா கரையில் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு நின்றார்.

லாரியில் ஏற்றி, ஸ்ரீவைகுண்டம் வழியாக ஏரல் தாண்டி, கொற்கை வாழைத் தோட்டங்களை ஒட்டிக் கொண்டுபோய் இறக்கினோம். சர்ச் சாமியார் வந்து ஜெபம் சொல்லி மந்திரித்தார். ஊரே பார்க்க, அண்ணனும் பக்கத்து வீட்டுக்காரர் ஒருவரும் ஏறி ஒரு சுற்றுப் போய்வந்தார்கள். அவர்தான் கூட வருகிற ஆள் போல என்று நினைத்துக்கொண்டு திரும்பினோம்.

சில மாதங்கள் கழித்து, இடது மோட்டார் சண்டித்தனம் செய்கிறது, வந்து பார்க்க வேண்டும் என்று ஆள் வந்து சொன்னான். நானும் மேஸ்திரியும் போனோம். கரையில் வள்ளத்தைச் சுற்றிப் பத்திருபது பேர் வலை பின்னிக்கொண்டும் வேடிக்கை பார்த்துக்கொண்டும் இருந்தார்கள். நான் ஏறி நின்று கயிற்றை இழுத்தேன். ஒரே இழுப்பில் ஸ்டார்ட் ஆயிற்று. நிறுத்தி மறுபடி இழுத்தேன். மறுபடியும் ஆயிற்று.

"மோட்டாரு நல்லாத்தான இருக்கு மேஸ்திரி" என்றேன்.

மேஸ்திரி மோட்டாரைப் பார்க்கவில்லை. இடப்பக்கத் தளத்தில் ஒரு மீன்பெட்டியைக் கவிழ்த்து ஆணி அடித்திருந்தார்கள், ஏறி நிற்பதற்கு. மோட்டார் கயிற்றின் நுனியிலும் பாய்க் கயிற்றின் நுனியிலும் சேலைக் கிழிசலை முறுக்கி முடிந்து நீளமாக்கியிருந்தார்கள். பூப்போட்ட சேலை. அதே பூ அக்கா கட்டியிருந்த சேலையில் இல்லை, ஆனால் அது யார் வீட்டுச் சேலை என்று சொல்ல யாரும் வேண்டியதில்லை.

மேஸ்திரி டீ சொன்னார். கவிழ்த்துப் போட்ட கூடை மேல் உட்கார்ந்து, அந்தப் பெட்டியைப் பார்த்துக்கொண்டே குடித்தார். எனக்கு அப்போதுதான் உறைத்தது. அந்தக் கரையில் பெண்கள் மீன் வாங்குவார்கள், விற்பார்கள், வலை உலர்த்துவார்கள். வள்ளத்தில் ஏறிக் கடலுக்குப் போவது மட்டும் கிடையாது. கால் முடியாதவரோடு போக ஆண் யாரும் முன்வரவில்லை. இருட்டு கலைவதற்குள் அவர்கள் இருவரும் போய், ஆளில்லாத பக்கம் ஒதுங்கித் திரும்பிக்கொண்டிருந்தார்கள். உள்ளூர் ஆசாரியிடம் கட்டினால் கூட வருகிறவன் யார் என்று கேட்பான். எங்களிடம் வந்தது ஆசாரி மறுத்ததால் மட்டுமில்லை, நாங்கள் கேட்க மாட்டோம் என்பதற்காகவும்தான்.

டீ முடிந்தது. மேஸ்திரி எழுந்து அண்ணனிடம் போனார்.

"சவரிமுத்து, கொக்கிய எறக்கணும். மோட்டாரையும் எறக்கணும். இங்கனயே முடிச்சிரலாம், எனக்கு அளவு மட்டும் வேணும்."

அண்ணன் சுற்றி நின்றவர்களைப் பார்த்தார். அக்கா வள்ளத்துக்கு ஒரு கை தூரத்தில் நின்றுகொண்டிருந்தார்.

"ஒண்ணும் எறக்காண்டாம் மேஸ்திரி. ஆளு கொஞ்சம் குட்டையாப் போயிட்டான், வேற ஆளு மாத்திருதேன்" என்றார் அண்ணன், எல்லோருக்கும் கேட்கும்படி.

மேஸ்திரி அவர் முகத்தைக் கொஞ்ச நேரம் பார்த்தார். "சரி. மாதா கோயில் திருநாளு கழிஞ்சதும் வள்ளத்தப் பட்டறைக்குக் கொண்டாரும். அங்கன வச்சுப் பாப்போம்" என்றார். கொண்டுவருகிறேன் என்று அண்ணன் தலையாட்டினார். பஸ்ஸில் வரும்போது மேஸ்திரி ஜன்னலைப் பார்த்தபடியே வந்தார். பாளையங்கோட்டை வந்து இறங்கும்போது, "ஊருக்கு முன்னால அந்த அம்மாவ நிக்கவச்சு அளக்க முடியுமா லே?" என்றார். முடியாது என்றுதான் நானும் சொன்னேன்.

திருநாளுக்கு முன்னாலேயே அது நடந்துவிட்டது. நடந்ததை அக்கா பிறகு சொல்லித்தான் ஊருக்குத் தெரியும். விடிந்து திரும்பும்போது முகத்துவாரத்தில் காற்று செத்துப் பாய் தொங்கிவிட்டது. அந்த நேரம் பார்த்து இடது மோட்டாரும் நின்றது. வலது மோட்டார் மட்டும் தள்ளத் தள்ள வள்ளம் இடப்பக்கமாகத் திரும்பி, அலை உடைகிற மணல் திட்டைப் பார்த்துப் போனது. அக்கா பெட்டி மேல் ஏறிக் கயிற்றை இழுத்தார். இரண்டாவது இழுப்பிலோ மூன்றாவதிலோ சேலை முடிச்சு கழன்றுகொண்டது. மல்லாக்க விழுந்து, தளத்தின் விளிம்பு வழியாக இரண்டு வள்ளத்துக்கும் நடுவில் தண்ணீருக்குள் போய்விட்டார்.

அடியில் நாங்கள் முடுக்கின யு போல்ட் ஒன்று கைக்கு அகப்பட்டது. அதைப் பிடித்துத் தொங்கினார். மேலே பலகை, சுற்றிலும் அலைச் சத்தம். அவர் கூப்பிட்டது அண்ணனுக்குக் கேட்கவில்லை. அண்ணன் கூப்பிட்டது இவருக்குக் கேட்டது. நாற்காலியிலிருந்து தவழ்ந்து இடப்பக்கம் வந்து, அவரைக் காணாமல் அண்ணன் கடலில் குதித்தார். அந்த இடுப்போடு உடைகிற அலையில் எவ்வளவு நேரம் நீந்த முடியும்? அக்கா பின்பக்கமாக ஊர்ந்து மேலே ஏறியபோது நாற்காலி காலியாக இருந்தது. வள்ளம் அவரை மட்டும் சுமந்துகொண்டு, ஒரு சாய்வும் இல்லாமல் அலை தள்ளக் கரையில் வந்து ஏறியது. அண்ணனின் உடல் தெற்கே ஒதுங்கியது.

நாங்கள் கட்டின வள்ளம் கவிழவே இல்லை. அதை யாராவது பாராட்டாகச் சொல்லும்போது எனக்கு எரிச்சலாக வரும்.

அடக்கத்துக்குப் போனோம். பொம்பள ஏறினா கடல் பொறுக்குமா என்று அங்கேயே நாலு பேர் பேசினார்கள். பாட்டு ஆரம்பித்தபோது எல்லோரும் பாடினார்கள், மேஸ்திரி மட்டும் வாயைத் திறக்கவில்லை. மகன்கள் வந்து வள்ளத்தை விற்றார்கள். வாங்கினவன் சட்டத்தைக் கழற்றி இரண்டு தனி வள்ளமாகப் பிரித்துக்கொண்டான் என்று கேள்வி.

அடுத்து வந்த லாரிக்கு மேஸ்திரி டிரைவரை அளந்து முடித்ததும், "கிளீனரக் கூப்பிடுங்க" என்றார். டிரைவர் சிரித்தார். அந்தக் கிளீனர் பையன் ஓட்டலில் தின்றுகொண்டிருந்தவன், கையைக் கழுவாமல் ஓடிவந்து நின்றான். அவனுக்கும் ஒரு பலகை வைத்து முழங்கால், முழங்கை, கண் எல்லாம் கோடு போட்டார். அவர் கண்ணை மூடும்வரை அதை விடவில்லை. அவருக்குப் பிறகு நான் மேஸ்திரியாக இருந்த காலம் முழுவதும் நானும் விடவில்லை. கூட யார் வருகிறார்கள், எவ்வளவு உயரம், நேரில் வரச் சொல்லுங்கள் என்று எல்லோரையும் கேட்டுத் தொந்தரவு செய்தேன். "என்ன அண்ணாச்சி, பொண்ணா பாக்கப் போறீரு?" என்று கேலி செய்தவர்கள் உண்டு. கோபித்துக்கொண்டு வேறு பட்டறைக்குப் போனவர்களும் உண்டு. போகட்டும்.

ஆனாலும் ஒரு விஷயத்தில் எனக்கு ஆறுதல் இருந்தது. அன்று கரையில் மேஸ்திரி அக்காவைக் கேட்காமல் விட்டது அக்காவின் மானத்துக்காக. ஊர் முன்னால் அவரைக் காட்டிக்கொடுக்காமல் வந்தோமே, அந்த ஒன்றையாவது சரியாகச் செய்தோமே என்று பல வருடங்களாக நினைத்துக்கொண்டிருந்தேன். மேஸ்திரியும் படுக்கையில் கிடந்தபோது அதைத்தான் என்னிடம் சொன்னார்.

இளைஞர்கள் வந்துபோன பிறகு, இடப்பக்கத்துக்குச் சரியான அளவு கொடுக்க வேண்டும் என்றால் அக்காவைப் பார்த்தாக வேண்டும் என்று தோன்றியது. பஸ் ஏறிப் போனேன். மஸ்கட்டிலிருந்து திரும்பிவிட்ட இளைய மகனோடு இருக்கிறார். முற்றத்தில் நெத்திலி காயவைத்துக் காகம் விரட்டிக்கொண்டிருந்தார். என்னை உயரத்தை வைத்தே கண்டுபிடித்துவிட்டார்.

"அந்த நெட்டத் தம்பிதான? இரும், இரும்" என்றார்.

வந்த காரியத்தைச் சொன்னேன். அவருக்குச் சிரிப்பு வந்தது.

"அதுல பொம்பள போவாளா?"

"இப்பம் போறாங்கள்லா, அக்கா. யாரு போனாலும் எட்டணும்லா."

"நல்லா எட்டணும்" என்றார். எழுந்து சுவரை ஒட்டி நின்றார். டேப்பை வைத்து அளந்தேன். உயரம், தோள், தூக்கிய கை. வயதில் கொஞ்சம் குறுகியிருப்பார், இரண்டு விரற்கடை கூட்டிக்கொள்ளலாம் என்று மனதில் குறித்துக்கொண்டேன். டீ கொடுத்தார். குடித்துக்கொண்டே, வாய் சும்மா இருக்காமல், எங்கள் ஆறுதலையும் அவரிடம் சொன்னேன்.

"அண்ணைக்கு மேஸ்திரிக்குத் தெரிஞ்சுபோச்சு அக்கா. ஊரு முன்னால ஒங்களுக்கு ஒரு சொல்லு வந்துரக் கூடாதுன்னுதான் ஒங்ககிட்ட ஒண்ணும் கேக்கல."

அக்கா காகத்தை விரட்டினார். பிறகு நெத்திலியைக் கையால் பரப்பிக்கொண்டே சொன்னார்.

"அவுக கண்டுபிடிச்சிட்டாவன்னு எனக்கும் தெரியும் தம்பி. டீயக் கையில வச்சிக்கிட்டு அந்தப் பெட்டியவே பாத்துக்கிட்டு இருந்தாவ. எங்க வீட்டுக்காரருக்கு வெக்கம், அவரு சொல்ல மாட்டாரு. எனக்கென்ன வெக்கம்? கேப்பாவ, இப்பம் கேப்பாவன்னு பக்கத்துலயே நின்னேன். என்னப் பாத்து ஒரு வார்த்த கேட்டிருந்தா, அத்தன பேரு முன்னாலயும் நாந்தான்னு சொல்லியிருப்பேன்."

டீயைக் குடித்து முடித்துச் சொல்லிக்கொண்டு கிளம்பினேன். மேஸ்திரி உயிரோடு இல்லையே என்று எத்தனையோ தடவை வருத்தப்பட்டிருக்கிறேன். அன்றைக்குத்தான் முதல் தடவையாக, இதைக் கேட்க அவர் இல்லாமல் போனது நல்லது என்று நினைத்தேன்.